வளைத்தால் வெடித்தும் ஒடியாத இறைச்சிக்கு ஒரு சொல்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:
சொல்லாக்கக் குழும அன்பர்களுக்கு வணக்கம். என் உணவுப் பதனீட்டு வகுப்பின் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆட்டிறைச்சியைக் கால் அங்குலத்துக்கு மிகாத கீற்றுகளாக அரிந்து, மழையை நம்ப முடியாத நம் மலேசியாவில் வெயிலை விட்டு 'அவன்' (oven) அடுப்பில் உலர்த்துகிறோம். ஒரு கீற்றை எடுத்து நன்றாக ஆறவிட்டு வளைத்தால், வளைவில் மேற்பரப்பு வெடித்து வெள்ளை நார் தெரிய வேண்டும். ஆனால் கீற்று இரண்டாக ஒடியக் கூடாது. இந்நிலைக்கு ஒரு சொல் தேவை. பழைய கையேட்டில் உள்ள 'முறிபத'த்தை நம்பி மாணவியர் ஒடியும்வரை காய வைத்துவிடுகிறார்கள்.

ஜார்ஜ்டவுனிலிருந்து:
அம்மா, 'பக்குவம்' இருக்க வேறு சொல் எதற்கு? யாருக்கும் விளங்கும். இங்கே சீனர் கடைகளில் வாட்டி விற்கும் 'பக்வா' என்ற இறைச்சியின் பெயரும் அதன் மரூஉவே என்பது என் நெடுநாள் துணிபு. கடாரத்தோடு, அதாவது இன்றைய கெடாவோடு, சோழர் கொண்ட தொடர்பை எண்ணிப் பாருங்கள்.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து:
ஐயா, சோழரை விட்டுவிடுங்கள். பக்வா ஹொக்கியன் சொல். 'பக்' இறைச்சி, 'குவா' உலர்ந்தது. பக்குவமோ 'பக்வ' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம், வெந்தது என்று பொருள். எனக்கு அச்சம் தருவது அந்தப் பொருள்தான். வளைத்துப் பார்ப்பது ஈரம் போனதை மட்டுமே காட்டும், கிருமி மடிந்ததை அன்று. உலரும்போது ஈரம் ஆவியாவதால் இறைச்சி எளிதில் சூடேறாது. அதற்குள் காய்ந்துபோகும் கிருமியோ வெப்பத்தைத் தாங்கப் பழகிவிடும். ஆகவே உலர்த்துவதற்கு முன்பே இறைச்சியின் உள்வெப்பம் 71 பாகை செல்சியசை, கோழியானால் 74 பாகையை, எட்ட வேண்டும். 'பக்குவம் வந்துவிட்டது' என்று படிப்பவர் இந்தப் படியை விட்டுவிடுவார். சித்த வைத்தியர் தைலத்துக்கு மெழுகு பதம், மணல் பதம் என்று கண்ணும் கையும் அறிவதையே பெயராக்கினர். அவ்வழியில் 'நார்ப்பதம்' என்கிறேன்.

செந்தூலிலிருந்து:
பதமும் வடசொல்லே. பெரும்பாணாற்றுப்படையில் வேட்டுவரான எயினரின் 'வாடூன் புழுக்கல்' (வாடூன் என்றால் உலர்ந்த இறைச்சி) இருக்க நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? 'வாடூன் நிலை' என்க.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து:
சொல் என்னும் பொருள்தரும் பதம் வடமொழி. சோற்றுப் பதம் அன்று. வள்ளுவரே 'எண்பதத்தான்' என்கிறாரே.

செந்தூலிலிருந்து:
அங்கே பதம் காட்சிக்கு எளிமையைக் குறிக்கிறது, அடுப்படியை அன்று. சான்று பொருந்தாது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:
வாடூன் அழகான சொல்தான். ஆனால் எந்த அளவு வாடியது என்பதை அது சொல்லவில்லை, என் மாணவியர் கேட்பதோ அதை மட்டுமே. இன்று வகுப்பில் நார்ப்பதம் என்றதும் ஒருவர் கீற்றை வளைத்து நாரைத் தேடினார். செந்தூல் அன்பர் தவிர மற்ற மூவரும் இசைந்திருப்பதால் அதையே அச்சுக்கு அனுப்புகிறேன். 71 பாகை அதற்கு முந்தைய பக்கத்தில் தடித்த எழுத்தில் வரும்.

செந்தூலிலிருந்து:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். வாடூன் அடிக்குறிப்பிலாவது வரட்டும்.