கேம், சினிமா, சட்டம்: ஆய்வுக்குக் கொழும்பு வருகிற தம்பிக்கு

வீடியோ கேமிலும் சினிமாவிலும் சட்டம் எப்படி வருகிறது என்று ஆராயவும் சட்டப் பாடம் எடுக்கவும் சென்னையிலிருந்து கொழும்பு வரப்போவதாகச் சொல்லி, என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள், தம்பி. நல்ல முடிவு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேம் சட்டத்துக்கென்று தனி விரிவுரையாளர் பதவி விளம்பரமாகும் என்று காத்திருக்க வேண்டாம். புலமைச் சொத்துச் சட்டமோ (நம்மூரில் அறிவுசார் சொத்துரிமை என்போம்) ஒப்பந்தச் சட்டமோ பாடம் எடுக்கத் தயாராக வாருங்கள், ஆய்வு அதன் கூடவே வளரும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை முதலில் படியுங்கள். கேம் விளையாடுவதை யூடியூபில் போடுகிறவரின் உரிமை பற்றி எழுதினால், பிறர் படைப்பை அனுமதியின்றிப் பயன்படுத்த இடம் தரும், அதன் 11ஆம் பிரிவிலுள்ள நியாயமான பயன்பாட்டுக்குத்தான் வந்து சேர்வீர்கள்.

ஒப்பந்தத்தில்தான் நம்மூர் ஆட்கள் தடுக்கி விழுவார்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் படித்த பழக்கத்தில், இலவச கேமின் பயனர் ஒப்பந்தத்தில் மறுபயன், அதாவது பதிலுக்குத் தரப்படும் பலன், எங்கே என்று தேடத் தொடங்குவோம். இங்கே அடிப்படை, டச்சுக்காரர் விட்டுப்போன ரோமன்-டச்சுச் சட்டம். அதில் ஒப்பந்தத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் போதும். கேள்வியே மாறிவிடும், கட்டுரையும் மாற வேண்டும்.

கேப்காம் 2001இல் வெளியிட்ட 'ஏஸ் அட்டர்னி'யை விளையாடியிருப்பீர்கள். கையிலிருக்கும் சான்றைக் காட்டிச் சாட்சியின் பொய்யை உடைப்பதுதான் அதில் ஆட்டம். அதை முடித்த கையோடு கொழும்பின் புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் போய் ஒரு காலைப்பொழுது உட்காருங்கள். அமர்வுகள் பகிரங்கமாக நடக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை சொல்கிறது. இங்குள்ள கீழ் நீதிமன்றங்களில் வழக்கு பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். தமிழில் சாட்சி சொல்கிறவர் ஒரு வாக்கியம் பேசி நிறுத்துவார், மொழிபெயர்ப்பாளர் முடிக்கும்வரை கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி நிற்பார். இந்தக் காத்திருப்பை நான் எந்த கேமிலும் பார்த்ததில்லை. உங்கள் ஆய்வுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

போர் கேமான 'ஆர்மா 3'க்கு 2017இல் வந்த போர்ச் சட்டங்கள் பற்றிய கூடுதல் பகுதி செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவோடு சேர்ந்து உருவானது. இங்கே பலர் போரைக் கண்ணால் கண்டவர்கள். வகுப்பில் அதைக் காட்டுவதற்கு முன் மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். விருப்பமில்லாதவர் வெளியே போகலாம் என்பதையும் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வெள்ளவத்தைப் பக்கம் அனெக்ஸ் (ஒரு வீட்டோடு சேர்ந்த தனி வாடகைப் பகுதி) பாருங்கள், தமிழிலேயே சமாளிக்கலாம். ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பவர்களும் உண்டு, பணத்தோடு வாருங்கள். சிங்கள வகுப்பில் முதல் மாதமே சேர்ந்துவிடுங்கள்.