‘சிவிக் ஸ்பேஸ்’: தமிழில் என்ன சொல்லலாம்?

கோபியிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கமுங்க. செப்டம்பர் 15 பன்னாட்டு மக்களாட்சி நாள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாடாளுமன்றங்களின் பன்னாட்டு ஒன்றியம் 1997 செப்டம்பரில் கெய்ரோவில் மக்களாட்சிப் பிரகடனம் வெளியிட்டது, 2007 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது, 2008 முதல் கொண்டாடுகிறார்கள் என்பதெல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டது. ‘சிவிக் ஸ்பேஸ்’ (civic space) என்ற ஆங்கிலச் சொல்லில்தான் கை நின்றுவிட்டது. ‘குடிமை வெளி’ என்று போட்டுவிடலாமா?

திருப்பூரிலிருந்து:

குடிமை வேண்டாமுங்க. குடிமைப் பொருள் என்றால் ரேஷன் கடை, குடிமைப் பணி என்றால் கலெக்டர். இரண்டும் அரசாங்கத்தின் பக்கம் நிற்கிற சொற்கள். நமக்கு வேண்டியது அரசாங்கத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிற ஆளுக்கான சொல். அப்புறம், யாராவது அதைச் சுருக்கி ‘குடிவெளி’ ஆக்கினால் டாஸ்மாக் பாரில் போய் முடியும்.

முதலில் சங்கதி என்னவென்று பார்ப்போம். 1948-இன் மனித உரிமைப் பிரகடனத்தில் 19-ஆம் பிரிவு பேச்சு, 20 கூட்டமும் சங்கமும், 21 ஓட்டு. மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. நம் அரசமைப்பிலும் பேச, ஆயுதமின்றிக் கூட, சங்கம் வைக்க உரிமை தருவது 19-ஆம் பிரிவுதான். ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் நடுவில் மக்கள் வாய் திறக்கவும் கூடவும் முடிகிறதா என்பதே சிவிக் ஸ்பேஸ்.

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் பெருமாநல்லூரில் சுடப்பட்டுச் செத்தார்கள். ஓட்டுரிமை அன்றைக்கும் இருந்தது. ரோட்டில் வந்து நிற்கத்தான் இடமில்லை. அதற்குப் பிறகும் அடங்காமல் 1972-இல் கட்டைவண்டிகளைப் பூட்டிக்கொண்டு வந்து கோவைத் தெருக்களை அடைத்தார்கள். இந்த இரண்டையும் ஒரே சொல்லால் பேச முடிய வேண்டும். ‘பொதுவெளி’ பத்தாது, அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து:

மண்ணிலேயே சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு? ஊர்ச்சாவடி இருக்கிறதே. மக்கள் கூடிப் பேசிய இடம். ‘மக்கள் சாவடி’ என்று வைக்கலாம். இல்லையென்றால் ‘மக்கள் களம்’.

தாராபுரத்திலிருந்து:

சாவடியில் யார் உட்கார்ந்தார்கள் என்றும் சொல்லுங்க. எங்கப்பா அந்த வழியாகப் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். களமும் தோட்டத்து முதலாளியுடையதுதான். அதில் நாங்கள் சோளம் அடித்தது கூலிக்கு. எல்லோருக்கும் உரிய உரிமைக்கு அந்தப் பேரை வைத்தால், மனித உரிமைப் பிரகடனத்தின் இரண்டாம் பிரிவே, அதாவது பாகுபாடு கூடாது என்பதே, அடிபட்டுப் போகும். பழைய சொல் என்பதற்காகச் சுமக்க வேண்டியதில்லை.

என் யோசனை ‘மக்கள் இயங்குவெளி’. நமக்கு ‘இயக்கம்’ என்றாலே ஆட்கள் கூடிச் செய்வது என்று தெரியும். எதிர்ச்சொல்லும் கையோடு இருக்கிறது: முடக்கம். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். “144 போட்டு மக்கள் இயங்குவெளியை முடக்கினார்கள்.” “பத்திரிகையாளர்களைக் கைது செய்யச் செய்ய இயங்குவெளி சுருங்குகிறது.” உறுத்தவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து:

சாவடி பற்றிச் சொன்னது நியாயம், விட்டுவிடுகிறேன். ‘வெளி’தான் இன்னும் ஒப்பவில்லை. கேட்டவுடன் ‘வெளியே’ என்றுதான் காதில் விழுகிறது. இணைய அகராதியான விக்சனரியில் ஏற்ற ஒரு வாரம் பொறுங்கள்.

கோபியிலிருந்து:

துண்டறிக்கை நாளைக்கே அச்சுக்குப் போகிறதுங்க. ‘மக்கள் இயங்குவெளி’ என்றே போடுகிறேன். கீழே “பேச, கூட, சங்கம் வைக்க மக்களுக்கு உள்ள இடம்” என்று ஒரு வரி விளக்கமும் வரும். ‘இயங்குவெளி’யைச் சேர்த்து எழுதுவதா, பிரித்தா?

திருப்பூரிலிருந்து:

வினைத்தொகைங்க, சேர்த்துத்தான். பிரித்துப் போட்டால் எட்டாம் வகுப்புப் பையன் “இயங்கு, வெளியே” என்று வாசித்துவிட்டு மைதானத்துக்கு ஓடிவிடுவான்.