மறு: மறு: ‘ஸ்பாய்லர்’ தமிழ்ல என்ன? வெள்ளிக்குள்ள வேணும்

செம்பருத்தி, திங்கள் இரவு:

எல்லாருக்கும் வணக்கம். சீரியலுக்கும் வெப் சீரிஸுக்கும் விமர்சனம் எழுதுற ஒரு செயலியோட தமிழாக்கம் என் தலையில விழுந்திருக்கு. மத்த வரியெல்லாம் முடிச்சாச்சு, ஒத்தைச் சொல்லு மட்டும் நிக்குது: ஸ்பாய்லர், அதாவது கதையில வரப்போறதை முன்கூட்டியே சொல்லிடுறது. விமர்சனத்துக்கு மேல சின்னதா ஒரு செவப்புப் பட்டை வரும், அதுக்குள்ள எழுதணும். 12 குறிதான் கொள்ளும். நம்ம கணக்குல 12 எழுத்துன்னு நெனச்சிடாதீங்க, மெஷின் ‘மு’வை மகரம், உகரக் குறின்னு ரெண்டா எண்ணும், புள்ளி வெச்ச மெய்யும் ரெண்டு, ஆக சுமாரா ஆறேழு எழுத்து. வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபைலைப் பூட்டிடுவாங்க. கைவசம் இருக்கிறது ‘கதையுடைப்பு’, 11 குறி. வேற நல்லதா யாராவது சொல்லுங்களேன்.

தூங்காநகரான், திங்கள் இரவு:

> கைவசம் இருக்கிறது ‘கதையுடைப்பு’

கதவுடைப்புன்னு படிச்சிட்டேன் தங்கச்சி, யார் வீட்ல திருடன் பூந்தான்னு பதறிட்டேன். பேசாம ‘ஸ்பாய்லர்’னே போடுங்க. 9 குறி, இடமும் மிச்சம். எங்க வீட்ல ஏழாவது படிக்கிறவன் “ஸ்பாய்லர் சொல்லாதப்பா”ங்கிறான், அவங்க ஆத்தாவுக்கும் அது புரியுது. யாருக்குப் புரியலைன்னு இப்ப மொழிபெயர்க்கிறோம்? இதுக்கு முன்னாடி யாரோ எங்கயோ ‘சுவைக்கேடு’ன்னு போட்டிருந்தாங்க, பால் திரிஞ்சு போனதுக்கு சுகாதாரத்துறை நோட்டீஸ் ஒட்டுன மாதிரி இருந்துச்சு.

வேர்தேடி, செவ்வாய் அதிகாலை 4:40:

அன்பர்களே, ‘கதை’ வடசொல். உடைத்தாலும் உடைக்காவிட்டாலும் அது வடசொல்தான். நம்மிடம் ‘எதிர்’ இருக்கும்போது கடன் எதற்கு? எதிர் என்றால் வரப்போவது, எதிர்காலம் என்கிறோமே. நன்னூல் சொல்லும் முப்பத்திரண்டு உத்தியில் ‘எதிரது போற்றல்’ உண்டு. வரப்போவதை முன்னரே அவிழ்ப்பது எதிரவிழ்ப்பு. குறி எண்ணிப் பார்த்தேன், கனகச்சிதமாகப் பன்னிரண்டு! இனி ‘அவிழ்’ என்பதன் ஆழத்தைப் பாருங்கள். மொட்டு அவிழும், முடிச்சு அவிழும், வெந்த சோற்றுப் பருக்கைக்கும் அவிழ் என்றே பெயர், ஏனெனில் அரிசி வெந்து மலர்கிறது. கதையும் பதம் வந்து மலர வேண்டும், வேகுமுன் அள்ளினால் அரிசிதான். இதிலிருந்து ‘அவி’, ‘அவியல்’ வரை ஒரு கோடு போகிறது, விரிவாக நாளை எழுதுகிறேன்.

(எழுதினார். நாலு மெயில். அவியல்ல முருங்கைக்காய் போடலாமா கூடாதாங்கிற சண்டையில போய் முடிஞ்சுது, அதை இங்க ஒட்டலை. – செ.)

தூங்காநகரான், செவ்வாய் மதியம்:

> ‘எதிரது போற்றல்’ உண்டு

ஐயா மன்னிக்கணும், பத்தாங்கிளாஸோட தமிழை விட்டவன் நான், ஆனா இது எனக்கே தெரியும். இறந்தது விலக்கல்னா வழக்கொழிஞ்சதை விடுறது, எதிரது போற்றல்னா புதுசா வர்ற வழக்கை எடுத்துக்கிறது. அப்ப நன்னூலாரே ‘ஸ்பாய்லரை எடுத்துக்கடா’ங்கிறார்! அப்புறம் அந்த அவிழ்ப்பு. செவப்புப் பட்டையில ‘எதிரவிழ்ப்பு’ன்னு போட்டா எங்கூரு பயலுக கதையைப் படிக்கவா கிளிக் பண்ணுவானுங்க?

சுன்னாகத்தான், புதன்:

வணக்கம். எங்கட பக்கத்துப் பிரச்சினையையும் ஒருக்கா பாருங்கோ. எங்களுக்குக் கதை எண்டா முதல் ஞாபகம் வாறது பேச்சுத்தான். ‘கதைச்சுக்கொண்டு இருந்தனாங்கள்’ எண்டா பேசிக்கொண்டு இருந்தம். கதையுடைப்பு எண்டு போட்டா ஆரோ இடையில பூந்து எங்கட பேச்சைக் குழப்பின மாதிரித்தான் விளங்கும். நீங்கள் கணினி எண்டு முடிவெடுத்தியள், நாங்கள் இண்டைக்கும் கணனி எண்டு எழுதுறம், அதுபோல இதுவும் ரெண்டாப் போகாமப் பாருங்கோ தங்கச்சி.

வேர்தேடி, புதன் இரவு:

சொல்லை விடுங்கள், கருத்தே நமதா? சிலப்பதிகாரத்தின் பதிகத்தைப் பாருங்கள், கோவலன் கொலையுண்டதும் மதுரை எரிந்ததும் நூல் தொடங்குமுன்பே சொல்லப்பட்டுவிடுகிறது. எவராவது மூடி வைத்தார்களா? வடார்க்காட்டுப் பக்கம் பாரதக் கூத்தில் துரியோதனனை மண்ணால் அவ்வளவு பெரிதாகப் படுக்க வைத்திருப்பார்கள், பதினெட்டாம் நாள் சாகப்போகிறவன் அவன்தான் என்று கைக்குழந்தைக்கும் தெரியும், ஆனாலும் ஊரே நிற்கும். ‘என்ன ஆகும்’ என்பது நம் கேள்வியே இல்லை, ‘எப்படிச் சொல்கிறான்’ என்பதுதான். இல்லாத நோய்க்கு எதற்கு மருந்துப் பெயர்?

செம்பருத்தி, வியாழன் காலை:

இல்லாத நோயா ஐயா? பழைய சினிமாப் பாட்டுப் புத்தகம் எங்க தாத்தா பெட்டியில ஒரு கட்டு கெடக்கு, செவப்பு, பச்சை மையில அச்சடிச்சது, தொட்டா ஓரம் உதிருது. அதுல கதைச்சுருக்கம் போட்டுட்டு, கதாநாயகி ஆத்தங்கரையில நிக்கிற எடத்துல டக்குனு நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ன்னு இருக்கும். ஸ்பாய்லருக்குப் பயந்தவங்க நம்மள்ளயும் இருந்திருக்காங்க, பேருதான் வெக்கலை. வலைப்பதிவு காலத்துலயும் ரெண்டு கூட்டம் இருந்துச்சே. ஒரு கூட்டம் முழுக் கதையும் எழுதி கடைசியில ‘குடும்பத்தோட பாருங்க’ம்பாங்க, பார்க்க என்ன மிச்சம் இருக்குன்னுதான் தெரியாது. இன்னொரு கூட்டம் முடிவை மட்டும் வெள்ளைப் பின்னணியில வெள்ளை எழுத்துல எழுதி ‘தைரியம் இருந்தா மவுஸால இழுத்துப் பாருங்க’ம்பாங்க. நான் இப்பத்தான் ‘விடாது கருப்பு’ சீரியலை முதல்தடவையா பார்த்துட்டு இருக்கேன், 97, 98 வாக்குல சன் டிவில வந்தப்ப எங்க வீட்ல அதுல வர்ற குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டாலே என்னைப் படுக்க அனுப்பிடுவாங்க. அந்தக் கருப்பு யாருன்னு தெரியாம உக்காந்திருக்கிற அந்தப் படபடப்பை எந்தப் பதிகம் தரும்? சரி, வார்த்தைக்கு வாங்க, நாளைக்குக் கெடு.

தூங்காநகரான், வியாழன்:

வெள்ளை எழுத்துக்கு முன்னாடியே இங்கிலீஷ்காரன் யூஸ்நெட்ங்கிற பழைய இணைய விவாதக் குழுக்கள்ல ‘ராட் 13’னு வெச்சிருந்தான், ஒவ்வொரு எழுத்தையும் பதிமூணு தள்ளி எழுதுறது, படிக்கிறவன் திரும்பப் பதிமூணு தள்ளுனா பழைய எழுத்து வந்துரும், ஏன்னா 26ல பாதி 13. தமிழுக்கு முயற்சி பண்ணேன். 247 ஒத்தைப்படை. பாதியே இல்லை. தொல்காப்பியர் இதை யோசிச்சிருக்கலாம்.

செம்பருத்தி, வியாழன் இரவு 11:50:

> முடிச்சு அவிழ்வதற்கு நல்ல எடுத்துக்காட்டு செம்பருத்தி சொன்ன தொடரே. கருப்பு வேறு யாருமல்ல, (வெட்டிட்டேன்)

ஐயா!! இப்படிப் போட்டு உடைச்சிட்டீங்களே!! இன்னும் பாதிகூடத் தாண்டலையே நான்!!!

வேர்தேடி, வெள்ளி அதிகாலை 4:35:

அம்மா, வருந்துகிறேன். இருபத்தைந்து ஆண்டு தாண்டிய தொடர் என்பதால் தாராளமாகச் சொல்லிவிட்டேன். ஆனால் ஓர் உதவி. முடிவு தெரிந்தபின் பார்த்துவிட்டு, சுவை குறைந்ததா என்று சொல்லுங்கள். என் கட்சிக்கு அது சான்றாகும்.

செம்பருத்தி, வெள்ளி மாலை 6:20:

வோட்டு வந்தது மொத்தம் ஏழு. கதையுடைப்பு 4, ஸ்பாய்லர் 2, எதிரவிழ்ப்பு 1 (யாருன்னு தெரியும்). கதையுடைப்புன்னு போட்டு அனுப்பிட்டேன். பூட்டியாச்சு. எல்லாருக்கும் நன்றி, தலைவலி.

சுன்னாகத்தான், சனி:

பிந்தித்தான் மடல் எல்லாம் வாசிச்சன். தங்கச்சி, வியாழக்கிழமை ராத்திரி கோவத்தில உங்கட வாயில வந்தது கதையுடைப்பும் இல்லை, ஸ்பாய்லரும் இல்லை. ‘போட்டு உடைச்சிட்டீங்களே’. போட்டுடைப்பு! எண்ணிப் பாத்தன், சரியா 12. எங்கட ஆக்களுக்கும் வடிவா விளங்கும், சொல்லிப்போட்டன், செய்துபோட்டன் எண்டு நாங்கள் எல்லாத்துக்கும் பின்னால ‘போட்டு’ போடுற ஆக்கள்தானே.

வேர்தேடி, சனி:

ஆகா! கடுவெளிச் சித்தர்! நந்தவனத்து ஆண்டி நாலாறு மாதமாய்க் குயவனை வேண்டி வாங்கி வந்த தோண்டியை ‘கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத்தாண்டி’ என்றாரே! இலக்கிய ஆட்சியும் உண்டு. எதிரவிழ்ப்பை மீட்டுக்கொள்கிறேன். (முழுதாக அல்ல.)

தூங்காநகரான், சனி:

ஐயா, அந்தத் தோண்டி மனுச உடம்பு, பத்து மாசம் சுமந்து வந்ததை ஆட்டம் போட்டுத் தொலைக்கிறதைச் சொல்றார். அதைப் போய் சீரியல் விமர்சனத்துக்கு மேல ஒட்டுறீங்களா? என் வோட்டு ஸ்பாய்லருக்குத்தான்.

செம்பருத்தி, ஞாயிறு:

வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே! ஃபைல் பூட்டியாச்சு, அடுத்த பதிப்புக்குத்தான் தொறப்பாங்க. குறிச்சு வெச்சிருக்கேன்.

சுன்னாகத்தான், ஞாயிறு:

அதுசரி, ஐயாவின்ர நீள மடல்களை நான் வாசிக்கிறேல்லை. அந்தக் கருப்பு ஆர்? எனக்குத் தனிமடல்ல சொல்லுங்கோ.