மறுமொழி: 'காற்று விலக்கி' சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம். கூரையை மடிக்கும் கார்களில் இருக்கைகளுக்குப் பின்னால் மாட்டும் 'விண்ட் டிஃப்ளெக்டர்' என்ற தடுப்புக்குத் தமிழ்ப் பெயர் தேடும்போது ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> காற்று விலக்கி, காற்றுத் திசைதிருப்பி இரண்டில் ஒன்றை முடிவு செய்துவிடலாமே?

இரண்டும் வேண்டாம் என்பேன். 'விண்ட் டிஃப்ளெக்டர்' என்ற ஆங்கிலப் பெயரே அந்தப் பொருளுக்குப் பொருந்தாத சட்டை. அதே அளவில் தமிழிலும் ஒன்று தைக்க வேண்டுமா?

கூரையை மடித்துவிட்டு ஓடும் காரில் பக்கத்து இருக்கைக்காரரின் தலைமுடியைக் கவனியுங்கள். கார் முன்னே போகிறது. முடியும் முன்னே பறந்து வாய்க்குள் போகிறது. முகப்புக் கண்ணாடியைத் தாண்டிய காற்று, அழுத்தம் குறைந்த இருக்கைப் பகுதிக்குள் பின்புறமாகச் சுருண்டு திரும்புவதுதான் காரணம். பிடரியில் அடிக்கும் அந்தக் காற்றை, இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் வலையோ பலகையோ மறிக்கிறது. காற்றை உண்மையிலேயே விலக்குவது லாரியின் தலைமேல் சரிவாக நிற்கிறதே, அது. 'விலக்கி'யை அதற்கு விட்டுவைப்போம்.

ஜெர்மானியர் இதை 'விண்ட்ஷோட்' என்கிறார்கள். ஷோட் என்றால் கப்பலுக்குள் அறை பிரிக்கும் தடுப்புச் சுவர். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது 'ஃபிலே ஆன்ட்டி ரெமு', அதாவது சுழிப்பை அடக்கும் வலை. இருவரும் பொருளைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம்மிடம் தட்டி இருக்கிறது. கீற்றுத் தட்டி, மூங்கில் தட்டி, கோடையில் நீர் தெளித்துத் தொங்கவிடும் வெட்டிவேர்த் தட்டி. சுவரைப் போல அது முழுக்க அடைப்பதில்லை. காற்றின் வேகத்தைக் கொன்று கொஞ்சத்தை உள்ளே விடும். 1989இல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல் காரில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை செய்ததும் இதே வேலைதான். ஆகவே, காற்றுத்தட்டி.

தட்டி என்றதும் கட்சி விளம்பரம்தான் நினைவுக்கு வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். வரட்டும், முன்னால் 'காற்று' நிற்கிறதல்லவா? முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டர் காரில் நடுவில் வந்தது துளையில்லாத, ஒளிபுகும் பலகை, அதைத் தட்டி எனலாமா என்பது இன்னும் கூர்மையான கேள்வி. தகரத்தட்டி என்று சொல்கிற ஊர்தானே நம்முடையது, எனலாம்.

நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் பழுதுபார்ப்புக் குறிப்பில் சொல்லை ஓடவிட்டுப் பார்த்தேன்:

"வலை கிழிந்து சட்டம் நன்றாக இருந்தால் தட்டிவலையை மட்டும் மாற்றினால் போதும். தட்டிக்கொக்கி உடைந்திருந்தால், ஓடும்போது கடகடவென்று சத்தம் கேட்கும். அக்ரிலிக் தட்டியை ஸ்பிரிட் கலந்த கண்ணாடித் திரவத்தால் துடைக்காதீர்கள். மயிரிழை விரிசல் விட்டு மங்கிவிடும்."

இதே பத்தியில் 'காற்றுத் திசைதிருப்பிக் கொக்கி' என்று எழுதிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

எனக்கு இன்னும் இடிப்பது ஒன்றுதான். கார் கவிழ்ந்தால் தலையைக் காப்பதற்காக இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் வளைவுக்கு என்ன பெயர்? பல கார்களில் தட்டி அதில்தான் மாட்டப்படுகிறது. 'உருள்வளையம்' என்றால் சக்கரம் என்று நினைத்துவிடுவார்கள். இப்போதைக்குக் 'கவிழ்காப்பு வளைவு' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் சிறியதாக யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் தாருங்கள். திங்களன்று கோப்பை அனுப்ப வேண்டும்.