‘ஃபிஷ்’ எண்ணக்கூடிய பெயர்ச்சொல்லா, இல்லையா? யாராவது விளக்குங்கள்

மண்டபம், கேள்வி:
வணக்கம். பத்தாம் வகுப்புத் தங்கைக்கு ஆங்கில நவுன் (பெயர்ச்சொல்) பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஃபிஷ் என்பதை ஒரு கைடு கவுண்டபிள் (எண்ணக்கூடியது) என்கிறது, இன்னொன்று அன்கவுண்டபிள் (எண்ண முடியாதது) என்கிறது. அவள் எழுதிய ‘த்ரீ ஃபிஷஸ்’, ‘ஸீவீட்ஸ்’ (கடல்பாசிகள்) இரண்டையும் டீச்சர் சுழித்துவிட்டார். ப்ராப்பர் (சிறப்புப் பெயர்), காமன் (பொதுப் பெயர்), கலெக்டிவ் (கூட்டத்தின் பெயர்), மெட்டீரியல் (பொருளின் பெயர்), அப்ஸ்ட்ராக்ட் (கருத்துப் பெயர்) என்று ஐந்து வகை படித்தோமே, அதில் இந்தக் கவுண்டபிள் எங்கே வருகிறது?

கீழக்கரை, பதில்:
தம்பி, இரண்டு கைடும் சரிதான். சொல்லைத் தனியாகப் பார்க்காமல் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். வலையில் துள்ளுகிற மீனை எண்ணலாம்: ஒன் ஃபிஷ், த்ரீ ஃபிஷ். பன்மையிலும் பெரும்பாலும் அதே உருவம்தான். தட்டில் கறியாக வந்துவிட்டால் ‘சம் ஃபிஷ்’, அப்போது அன்கவுண்டபிள். மன்னார் வளைகுடாவில் உள்ள பல மீன் இனங்களைச் சொல்லும்போது ‘ஃபிஷஸ்’ என்று எழுதுவார்கள். கடல்பாசியும் அப்படியே. நம் பெண்கள் மூழ்கி எடுத்து வருவது ‘ஸீவீட்’, எஸ் வேண்டாம். இனங்களைப் பிரித்து எழுதும் ஆய்வாளர்கள் ‘ஸீவீட்ஸ்’ என்பார்கள்.

தொண்டி, பதில்:
ஐந்து வகைக்கும் கவுண்டபிளுக்கும் போட்டியே இல்லை. முன்னது, சொல் எதைக் குறிக்கிறது என்று பிரிப்பது. பின்னது, எண்ண முடியுமா என்று பிரிப்பது. போட், காமன் நவுன், கவுண்டபிளும்கூட. ஃப்ளீட் (படகுக் கூட்டம்) கலெக்டிவ், ஆனாலும் ‘டூ ஃப்ளீட்ஸ்’ உண்டு. சால்ட் மெட்டீரியல், எண்ண முடியாது. வாலிநோக்கம் உப்பை எண்ண வேண்டுமானால் மூட்டையைத்தான் எண்ண வேண்டும்: டென் பேக்ஸ் ஆஃப் சால்ட்.

தேர்வில் பிள்ளைகள் அதிகம் கோட்டைவிடுவது இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட் மூன்றிலும்தான். எஸ் சேர்க்கவே கூடாது. நெட்ஸ், ரோப்ஸ் என்று எழுதலாம், எல்லாம் சேர்ந்தால் ‘ஃபிஷிங் எக்விப்மென்ட்’. அப்புறம், ப்ராப்பர் நவுனில் ராமேஸ்வரம், பாம்பனுக்கு முன்னால் ‘தி’ வராது. கல்ஃப் ஆஃப் மன்னார், பே ஆஃப் பெங்கால் இரண்டுக்கும் கட்டாயம் வரும். இதைத் தங்கைக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

மண்டபம்:
ரொம்ப நன்றி அண்ணே. அப்படியானால் ‘ட்வென்டி கிலோஸ் ஆஃப் ஃபிஷ்’ என்று எழுதலாமா?

கீழக்கரை:
தாராளமாக. எண்ணுவது கிலோவை, அதனால் எஸ் அதற்கு மட்டும்.