விமானப் பயண நேரத்தைக் கணக்கிடுவதில் ஓர் ஐயம்

அனைவருக்கும் வணக்கம். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவையும் பயண நேரத்தையும் கணிக்க ஓர் எக்செல் தாள் தயாரித்து வருகிறேன். புவியின் சராசரி ஆரத்தை 6,371 கி.மீ. என வைத்துக் கணக்கிட்டதில், லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் ஜே.எஃப்.கே.வுக்கும் இடையே ஏறத்தாழ 5,540 கி.மீ. என்று சரியாகவே வந்தது. நேரத்தில்தான் இடிக்கிறது. மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் இரு திசைக்கும் 6 மணி 9 நிமிடம் கிடைக்கிறது. அட்டவணையிலோ மேற்கு நோக்கிச் செல்ல ஏறக்குறைய 8 மணி நேரமும் திரும்பி வர 7 மணி நேரமும் காட்டுகிறார்கள். (நேர மண்டல வித்தியாசத்தைக் கழிக்க மறந்து, திரும்பும் பயணம் 12 மணி நேரம் என்று முதலில் எழுதிவைத்த கூத்தும் நடந்தது.) மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டத்துக்கும், ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதில் கழியும் நேரத்துக்கும் தனித்தனியே எவ்வளவு சேர்ப்பது பொருத்தம் என்பதையும், குளிர்காலத்தில் காற்று வலுப்பதால் அந்த அளவை மாதவாரியாக மாற்ற வேண்டுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.