எடைக் கோடு யாருடைய குழந்தையை அளந்து போட்டது?

முறுக்குக்கம்மல்:
மகளுக்குப் போன வாரம்தான் ஒரு வயது முடிந்தது. அங்கன்வாடியில் எடை போட்டார்கள், 7.6 கிலோ. இரண்டு மாதத்துக்கு முன்பு 7.3. டீச்சர் வளர்ச்சி அட்டையில் எடைக் கோடுகளுக்கு நடுவே புள்ளி வைத்துவிட்டு "மஞ்சள்ல வருதும்மா, எடை குறைச்சல், பார்த்துக்கோ" என்றார், அன்றிலிருந்து வீட்டில் தினமும் பஞ்சாயத்து. தாய்ப்பால் பத்தவில்லையாம், பவுடர் வாங்கச் சொல்கிறார் மாமியார். இன்னும் நடக்கவும் இல்லை, பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வெள்ளைக்காரப் பிள்ளைகளை அளந்து போட்ட கோட்டை வைத்து நம் பிள்ளைகளை ஏன் பார்க்கிறார்கள்?

வார்டுநைட்ஷிஃப்ட்:
அது பழைய கதைங்க. முன்பு உலகம் முழுக்கப் புழங்கிய கோடு அமெரிக்காவுடையது, கைக்குழந்தைகளை ஓஹையோவில் அளந்தார்கள், பெரும்பாலும் புட்டிப்பால் பிள்ளைகள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை சில மாதத்திலேயே அந்தக் கோட்டிலிருந்து இறங்குவது போலத் தெரியும், உடனே பவுடர் டப்பா வந்துவிடும். உங்கள் மாமியார் சொல்வது அந்தக் காலத்துக் கணக்கு. இப்போதைய கோடு 2006இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் 1997 முதல் 2003 வரை சுமார் 8,500 பிள்ளைகளை அளந்தார்கள். இந்தியாவில் தெற்கு டில்லி.

நடப்பதற்கு அவசரமே இல்லை. அதே ஆய்வில் பிள்ளைகள் தனியாக நடந்த வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை இருந்தது. சில பிள்ளைகள் தவழாமலே எழுந்து நடந்திருக்கின்றன!

சந்தேகப்பிராணி:
தெற்கு டில்லியா, சரிதான். வசதியான வீடாகப் பார்த்துப் பிடித்திருப்பார்கள். செங்கல் சூளையில் வளரும் பிள்ளைக்கு அந்தக் கோடு எப்படிப் பொருந்தும்?

வார்டுநைட்ஷிஃப்ட்:
வசதியான வீடாகத்தான் பார்த்தார்கள், வேண்டுமென்றே. அம்மா புகைபிடிக்காதவர், தாய்ப்பால் கொடுப்பவர் என்று சல்லடை போட்டுச் சலித்து எடுத்தார்கள். சாப்பாட்டுக்கும் சுத்தத்துக்கும் குறையில்லாமல் இருந்தால் பிள்ளை எவ்வளவு வளரும் என்று பார்க்கத்தானே ஆய்வே. அப்படிப் பார்த்தபோது உயர வித்தியாசத்தில் ஊரால் வந்தது வெறும் 3 சதவீதம். சூளைப் பிள்ளைகளுக்குத் தனிக் கோடு போட்டால் எல்லாரும் நார்மல் ஆகிவிடுவார்கள், அப்புறம் முட்டை எதற்கு, சத்துமாவு எதற்கு என்று நிறுத்திவிடலாம்.

பால்வாடிஆயா:
நான் இருபது வருஷம் எடை போட்டவள். கொலுசு, அரைஞாண் கழற்றினார்களா? தொங்கு தராசில் பிள்ளை துள்ளினால் முள் நிற்காது, நூறு இருநூறு கிராம் அதிலேயே மாறும். அது போகட்டும் கண்ணு, எனக்கு ஒன்று இடிக்கிறது. ஒரு வயசுப் பெண் பிள்ளை 7 கிலோவுக்குக் கீழே போனால்தான் மஞ்சள். ஆண் பிள்ளைக்குத்தான் அது 7.7. அட்டையில் ரோஸ் பக்கம் பெண் பிள்ளைக்கு, நீலப் பக்கம் ஆண் பிள்ளைக்கு. புள்ளி எதில் இருக்கிறது, பார்.

முறுக்குக்கம்மல்:
நீலத்தில் இருக்கிறது ஆயா. இரண்டு புள்ளியுமே.

பால்வாடிஆயா:
அப்படியா சங்கதி. நாளைக்கே போய் ரோஸில் மாற்றி வைக்கச் சொல், பச்சையில் வரும். ஆனாலும் இரண்டு மாதத்தில் 300 கிராம்தான் ஏறியிருக்கிறது, பருப்புச் சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய் விட்டுக் கொடு, அடுத்த மாதமும் எடை போடு.